வந்தாச்சு நானா

தமிழில் காலம் மூன்று என்று ஆறாம் வகுப்பில் படித்தேன். வாத்தியார் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, வந்தான், வருகிறான், வருவான் என்று எழுதினார். எங்கள் ஆற்றில் படகு ஓட்டிய ஒரு மனிதருக்கு அதில் முதல் கட்டம் மட்டும் போதுமாயிருந்தது. இனி நடக்க வேண்டிய காரியத்தைக் கேட்டால், மற்ற இரண்டையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதாக நினைவில்லை.

அவருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கெடாவில் எங்கள் மேட்டு ரப்பர் தோட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. வயதில் மூத்த தமிழ் முஸ்லிம்களை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். இவரை வந்தாச்சு நானா என்று கூப்பிட்டோம். கட்டம் போட்ட கைலி, வெயிலில் பழுப்பாகிப்போன சொங்கோக் தொப்பி, ஆளைவிட அகலமாகத் தெரியும் தோள்கள். மூடா ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி மேலே வருவார். கரங்கான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் விறகும் ஏற்றிக் கீழே போவார். நீளமான சம்பான். நடுவில் நிப்பா ஓலையால் ஒரு குட்டிக் கூரை. பக்கங்களில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடித்த ஒட்டுகள். கருவாட்டு வாசம் முதலில் வரும், படகு பிறகு வரும்.

"உப்பு இருக்கா நானா?" என்று கேட்டால், "குடுத்தாச்சு" என்பார். சொல்லிவிட்டுத்தான் சாக்குகளுக்கு அடியில் தேடவே ஆரம்பிப்பார். "நாளைக்கு வருவீங்களா?" என்றால், "வந்தாச்சு."

எனக்கு அப்போது பதினேழு வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தை முடித்து, சுங்கை பட்டாணியில் இரண்டு வருஷம் இங்கிலீஷும் படித்து, ஜப்பான்காரர்கள் வந்ததால் பாதியில் வீட்டுக்குத் திரும்பியவள். திருத்துவதற்குப் பரீட்சைத் தாள் கிடைக்காத குறைக்கு, வருகிறவர் போகிறவர் பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"நானா, நாளைக்கு நடக்கப்போறதுக்கு 'வருவேன்'னு சொல்லணும். அது எதிர்காலம்."

"எதுக்குப் புள்ள? வருவேன்னு சொல்லிட்டு வராமப் போனவன் எத்தன பேரு."

"வந்தாச்சுன்னு சொன்னவன்?"

"அவன் வந்துதான் ஆகணும். சொல்லிப்புட்டான்ல."

இதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை. அவர்கள் பள்ளிவாசல் லெப்பையும் ஒருமுறை அவரைக் கண்டித்தாராம். நாளைய காரியத்தைப் பேசும்போது இன்ஷா அல்லாஹ் என்று சொல்ல வேண்டும், நீ என்ன எல்லாம் முடிந்த மாதிரி பேசுகிறாய் என்று கேட்டிருக்கிறார். "சொல்லியாச்சு லெப்பை" என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டார் இவர்.

எல்லாருக்கும் இது வேடிக்கையாக இருந்தது, என் அம்மாவைத் தவிர. அம்மாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருஷம், அரிசியைக் கண்ணால் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது. யான் என்ற ஊர்ப்பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்துவிட்டது என்று மட்டும் கேள்வி. ஒரு மத்தியானம் நானா ஆற்றிலிருந்தே கை வீசி, "அரிசி வந்தாச்சு" என்றார். தோட்டத்தில் பாதிப் பேர் சாக்கும் கூடையுமாக ஓடினோம். அம்மா அடுப்பில் உலையே வைத்துவிட்டு வந்தாள். படகில் உப்பு இருந்தது, மூன்று சுறாக் கருவாடு இருந்தது. அரிசி ஒரு மணி இல்லை.

"எங்கய்யா அரிசி?" என்று பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யான்லருந்து கெளம்பியாச்சு தங்கச்சி."

"எப்ப வந்து சேரும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வந்தாச்சு" என்றார்.

அன்றைக்கு அவரைத் தண்ணீரில் தள்ளாமல் விட்டது பெரிய விஷயம். எட்டாம் நாள் நான்கு மூட்டை அரிசியோடு வந்து நின்றார். எல்லாரும் வாங்கிச் சமைத்தோம். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அம்மா, "பொய் சொல்ற வாய், அந்தப் பக்கமே போகாத" என்றாள். வெந்நீராகி வற்றிப்போன அந்த உலையை அம்மாவால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு தடவை, லயம் என்கிற தோட்டத்து வீட்டு வரிசைகளில் ஏழாவதில் இருந்த பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்து, நானாவின் படகில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் கரையில் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்க, "பொறந்தாச்சு, ஆம்பளப் புள்ள" என்று சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டிருக்கிறார். உள்ளே அந்தப் பெண் வலியோடு வலியாகச் சிரித்துவிட்டாளாம். படகிலேயே பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. "நான் சொன்னதுல பாதி சரி" என்றார் நானா. அந்தக் குழந்தைக்கு லயத்தில் இன்றைக்கும் பட்டப்பெயர் ஆம்பளப்புள்ள.

ஜப்பான்காரர்கள் தோட்டத்துக்குள் சைக்கிளில் வந்த முதல் வாரத்திலேயே அவர்களைப் பற்றி "போயாச்சு" என்று சொன்ன ஒரே ஆளும் அவர்தான். அப்பா அவர் வாயைப் பொத்தி வீட்டுக்குள் இழுத்து வந்தார். அப்படிப்பட்டவரை நம்பித்தான் எங்கள் அண்ணனின் உயிரைப் படகில் ஏற்றினோம்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டார்கள். முதல் தடவை எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. இரண்டாம் தடவை ஆள் கேட்டு உத்தரவு வந்தபோது கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று அண்ணனைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுக்கு ஒரு கல்யாணமாகாதவன். குடும்பஸ்தன இந்தத் தடவ எழுதல. திங்கக்கிழமை பெரட்டுல பேர் படிக்கிறேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல."

பெரட்டு என்றால் காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணும் நேரம். அண்ணனுக்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஆத்தோரத் தோட்டத்தில் ஏற்கெனவே பெண் நிச்சயமாகியிருந்தது. தை மாதத்தில் கல்யாணம் என்று பேச்சு. திங்களுக்குள் கல்யாணத்தை முடிக்கலாமா என்று அப்பா உடனே நானாவிடம் சம்பந்திக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். வியாழக்கிழமை சாயங்காலம் பதில் கடிதம் வந்தது.

'நாளை வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம் என்று எங்கள் கோயில் பண்டாரம் குறித்திருக்கிறார். அதை விட்டால் நல்ல நாள் பன்னிரண்டு நாள் தள்ளித்தான். எனக்கு ஒரே பெண். நேரம் தவறினால் தாலி ஏறவிட மாட்டேன், வருத்தப்படக் கூடாது.'

நான்தான் சத்தமாகப் படித்தேன். அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரர்கள் வந்ததும் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள். தோக்கியோவில் என்ன மணியோ அதே மணிதான் கெடாவிலும். அப்பா தள்ளவில்லை. "சூரியனுக்கு எவன் உத்தரவு போட்டான்?" என்பார். வெளியில் ஜப்பான் மணி, எங்கள் வீட்டில் பழைய மணி.

"சம்பந்தியும் நம்மள மாதிரி வீம்புக்காரரு. பழைய மணியத்தான் எழுதியிருப்பாரு" என்றார் அப்பா. கணக்குப் போட்டோம். படகில் ஐந்து மணி நேரம். விடியுமுன் ஆற்றில் படகு அசைந்தால் காவலில் இருக்கிறவன் சுடுவான். ஆறேகாலுக்குக் கிளம்பினால் பதினொன்றேகால். முக்கால் மணி நேரம் மிச்சம். சாலையில் போக முடியாது. வாலிபன் கண்ணில் பட்டால் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அந்த ஆளு படகா?" என்றாள் அம்மா.

"வேற படகு இருந்தா சொல்லு" என்றார் அப்பா. அம்மா தாலியை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் செருகிக்கொண்டாள்.

விடிகாலையில் ஆற்றின் மேல் பனி. எதிர்க்கரை தெரியவில்லை. அப்பா, அம்மா, வேட்டி சட்டையில் அண்ணன், மாலைக் கூடையோடு நான். அண்ணன் தாலி கட்டப்போகிறவன் மாதிரியே இல்லை, பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். நானா கழியை ஊன்றித் தள்ளினார்.

"எவ்வளவு நேரமாகும் நானா?" என்று அண்ணன் கேட்டதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"வந்தாச்சு மாப்புள."

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் அம்மா.

எனக்கோ தலைகால் புரியவில்லை. ஆற்றின் மேல் அத்தனை தூரம் நான் போனதே இல்லை. பனி கிழிந்து கிழிந்து விலகியது. ஒரு கிழிசலில் எருமைகள், அடுத்ததில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீட்டின் படிக்கட்டு, அதில் பல் துலக்கும் ஒரு மலாய்க்காரர். நான் எழுந்து நின்று பார்த்தேன். அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

வெள்ளைக்காரர்கள் ஓடும்போது வெடி வைத்த பாலத்தின் அடியில் காவல் இருந்தது. படகைக் கரைக்கு அழைத்தார்கள். இறங்கி, இடுப்பை வளைத்து வணங்கினோம். சிப்பாய் ஒருவன் துப்பாக்கி முனையால் அண்ணனைச் சுட்டி, "புஜாங்?" என்றான். கல்யாணமாகாதவனா என்று மலாயில் கேட்கிறான். 

"சுடா காவின்" என்றார் நானா. கல்யாணம் ஆயாச்சு.

சிப்பாய் என் கையிலிருந்த கூடையின் மூடியைத் தள்ளிப் பார்த்தான். உள்ளே புத்தம் புதிய மாலை. கல்யாணமானவனுக்கு இது எதற்கு என்று அவன் முகம் கேட்டது. நானா சாவகாசமாகக் கையை விட்டு மாலையை எடுத்து, அண்ணன் கழுத்தில் போட்டு, தோளைத் தட்டி, மறுபடியும் "சுடா" என்றார். சிப்பாய் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். போங்கள் என்று கையை ஆட்டினான்.

பாலம் மறைந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "கல்யாண மாலைய ஆத்துலயா போடுவாங்க? அபசகுனம்."

"ஆயாச்சு தங்கச்சி, விடுங்க."

"நான் ஒண்ணும் ஒங்க தங்கச்சி இல்ல."

"அப்ப மச்சான் எனக்கு மச்சான் இல்லாமப் போயிருவாரே" என்று நானா அப்பாவைப் பார்த்தார். அப்பா அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

பிறகு வெயில் வந்தது. ஆறு கண்ணாடி மாதிரி கிடந்தது. தூரத்தில் ஜெராய் மலை நீலமாக, தலையில் ஒரு சின்ன மேகத்தோடு நின்றது. அவித்த மரவள்ளிக் கிழங்கை எடுத்துத் தின்றோம். நானாவும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு துண்டு வாங்கிக்கொண்டார்.

"முகூர்த்தம் எப்ப மச்சான்?"

"பத்தரைக்கு மேல பன்னண்டுக்குள்ள. பழைய மணி. ஒங்க வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரத்தோட விட்டுர்றோம், கவலப்படாதீங்க."

நானா வாயிலிருந்த கிழங்கை மெல்லுவதை நிறுத்தினார்.

"தொழுகைக்கு நேரங் கெடக்கு மச்சான். வெள்ளிக்கிழமை பத்தரையிலருந்து பன்னண்டு வரைக்கும் என் படகுல ஒரு தமிழாளு கால வைக்க மாட்டான். வாரா வாரம் அந்த ஒன்றர மணி நேரந்தான் நான் கயிறு முறுக்குறது. அது ஒங்க ராகு காலமில்ல?"

 அம்மா விரல் விட்டு எண்ணினாள். கிழமைகளையும் நேரங்களையும் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லுகிறவள். எண்ணி முடித்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். கடிதம் வந்தது முந்தின நாள் சாயங்காலம். மணியைப் பார்த்தோம், கிழமையைப் பார்த்தோம். மாவு இடிக்கவும் வேட்டி துவைக்கவும் ஓடிய ஓட்டத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

"பண்டாரம் பைத்தியமா? ராகு காலத்துலயா தாலி கட்டச் சொல்லுவான்?" என்றார் அப்பா.

எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. "அப்பா, அது ஜப்பான் மணி. அந்தத் தோட்டத்துல சங்கு ஊதுறது ஜப்பான் மணிக்கு. மாமா அதைத்தான் எழுதியிருக்காரு. ஒன்றரை மணி கழிங்க. ஒம்பதுலருந்து பத்தரை."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நாற்பது. இன்னும் இரண்டரை மணி நேரப் பாதை இருந்தது. பத்தரைக்கு ஒரு மணி ஐம்பது நிமிஷம்.

அண்ணன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மடித்துக் கூடையில் வைக்கப் போனான். நானா துடுப்பின் நுனியால் அவன் கையைத் தட்டினார். "கழுத்துல ஏறுனது ஏறுனதுதான். அந்தத் துடுப்ப எடு மாப்புள. மச்சான், நீங்க இந்தப் பக்கம். புள்ள, ஒனக்கு வாய் மட்டுந்தானா, கையும் இருக்கா?"

நாலு துடுப்பில்லை. எனக்கு ஒரு பலகைத் துண்டு கொடுத்தார். அம்மா கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். அந்த நிமிஷம் பார்த்துத்தானா ஜெராய் மலை காணாமல் போக வேண்டும்? மலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. சுவர் எங்களை நோக்கி வந்தது. முதலில் காற்று. நிப்பா ஓலைக் கூரை ஒரே பிடுங்கலில் பறந்து ஆற்றில் விழுந்தது. அப்புறம் மழை. மழை என்றால் எதிரில் துடுப்புப் போடும் அண்ணனின் முதுகு தெரியாத மழை.

"ஒதுங்குவோம் நானா" என்று அப்பா கத்தினார்.

"ஒதுங்குனா திங்கக்கிழமை வந்துரும் மச்சான். மழை நல்லது. காலையிலருந்து மேல மலையில பேஞ்ச தண்ணி இப்ப நம்ம முதுகுல வருது. பாருங்க ஆத்த."

பார்த்தேன். கண்ணாடியாகக் கிடந்த ஆறு செம்மண் நிறத்தில் புரண்டது. முழு மரக்கட்டை ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. கரையோரப் புல்லெல்லாம் தண்ணீருக்குள். நாங்கள் துடுப்புப் போடுவதைவிட ஆறு வேகமாக எங்களை இழுத்தது.

கொஞ்ச தூரத்தில் ஆறு இடது பக்கம் திரும்பி, ஒரு பெரிய காது மாதிரி வளைந்து சுற்றி வரும் இடம். அந்த வளைவைச் சுற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். நானா திரும்பவில்லை. படகை நேராகக் கரையைப் பார்த்து விட்டார்.

"நானா, கரை" என்றேன்.

"தாண்டியாச்சு" என்றார்.

காதின் இரண்டு முனையும் நெருங்கும் இடத்தில் தாழ்வான லாலாங் புல்வெளி. வருஷத்தில் பத்து நாள்தான் அதன் மேல் தண்ணீர் ஏறுமாம். நானாவுக்கு அந்தப் பத்து நாளும் தெரிந்திருந்தது. படகு புல்லுக்குள் சரசரவென்று புகுந்தது. புல் நுனிகள் இரண்டு பக்கமும் எங்கள் முகத்தில் அடித்தன. தண்ணீருக்கு நடுவில், புல்லுக்கு மேல், ஒரு வயலுக்குள் படகில் போகிறேன். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

பாதி தூரத்தில் படகு தரை தட்டி நின்றுவிட்டது.

நானா குதித்தார். அப்பா குதித்தார். மாலையோடு அண்ணன் குதித்தான், இடுப்பு வரை சேறு. நானும் பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். தள்ளினோம். அசையவில்லை. நானா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கூடையோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. நாங்க நாலு பேரு, படகுல ஒரு மூட்ட."

அம்மா முறைத்தாள். பிறகு பட்டுச் சேலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மடியிலிருந்த தாலியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஐந்து பேரும் தோளைக் கொடுத்தோம். படகு ஒரு முனகலோடு நகர்ந்தது, வழுக்கியது, எங்களை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது. தாவிப் பிடித்து ஏறினோம். அப்பா கடிகாரத்தைச் சட்டையில் துடைத்துப் பார்த்தார். ஒன்பது ஐம்பது. ஒரு மணி நேர வளைவைக் கால் மணியில் அறுத்திருந்தோம்.

மறுபடியும் பெரிய ஆறு. கரை மேட்டில் ஒரு மலாய்க்காரர் வாழைத்தார் கட்டிய சைக்கிளில், கம்பத்துப் பக்கம் நனைந்துகொண்டே போய்க்கொண்டிருந்தார். நானா எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"பெங்காந்தின் சுடா சம்பாய்! ஆத்தோரத் தோட்டத்துல சொல்லிருங்க, படித்துறைக்கு வரச் சொல்லுங்க!"

மாப்பிள்ளை வந்து சேர்ந்தாச்சு என்று மலாயில் சொல்கிறார். பாதி மலாய், பாதி தமிழ், எப்படியோ அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. கையை உயர்த்திவிட்டு சைக்கிளை மிதித்தார்.

"இன்னும் நாலு வளைவு இருக்கு" என்றாள் அம்மா. "கல்யாணத்தன்னிக்குமா பொய்?"

"தங்கச்சி, வந்துக்கிட்டு இருக்கோம்னு சொன்னா அவங்க உக்காந்து வெத்தல போடுவாங்க. வந்தாச்சுன்னு சொன்னாத்தான் எந்திரிச்சு வருவாங்க. படித்துறையிலருந்து கோயிலு அர மைலு மேடு. இந்தச் சேத்துல நாம ஏற முடியாது. அவங்க எறங்கட்டும்."

அம்மா என் கையிலிருந்த பலகைத் துண்டை வாங்கித் தானே தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள்.

கடைசி வளைவில் மழை பட்டென்று நின்றது. யாரோ விளக்கை ஏற்றிய மாதிரி வெயில். படித்துறையில் குடைகள். ஒரு மேளக்காரர் ஈரமான மேளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரப்பர் ஷீட் அடுக்குகிற தகரக் கொட்டகைக்குக் கீழே பெண்கள் கூட்டம். பண்டாரம் நெருப்புச் சட்டியை வேட்டியால் மறைத்துப் பிடித்திருந்தார். கூட்டத்துக்கு நடுவில் பெண்ணும் இருந்தாள். அந்த நாளில் கல்யாணமாகாத பெண்ணைத் தனியே விட்டுவிட்டு யாரும் நூறடி நகர மாட்டார்கள். மாப்பிள்ளையை வரவேற்க எல்லாரும் கிளம்பியபோது அவளையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா படித்துறை நுனியில் நின்று கொதித்துக்கொண்டிருந்தார். "எங்கய்யா வந்தாச்சு? கால் மணி நேரமா மழையில நிக்கிறோம். நேரத்தோட வர்ற லட்சணமா இது?"

"சம்பந்தி, மணி என்ன?" என்று படகிலிருந்தே அப்பா கேட்டார்.

"பதினொன்னு அம்பத்திரண்டு!"

அப்பா தன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்திரண்டு. ஒன்றரை மணியைக் கழித்துப் பார்த்தால், இரண்டு கடிகாரமும் அன்றுதான் முதல் தடவையாக ஒத்துப்போயின.

"கோயிலுக்கு ஏற நேரமில்ல" என்றார் பண்டாரம். "இங்கயே உக்காருங்க. சாமி எறங்கி வராதா?"

தகரக் கொட்டகைக்கு அடியில், ரப்பர் நாற்றத்தில், இரண்டு கிழங்குச் சாக்கைப் போட்டு அதன் மேல் அண்ணனை உட்கார வைத்தார்கள். அவன் வேட்டி சேற்று நிறம். மாலையில் பூவைவிட லாலாங் புல் அதிகம். பெண் தலைகுனிந்தபடி ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. அம்மா தாலியை எடுத்துக் கொடுத்தாள். கயிற்றில் அவள் பல் பதிந்திருந்தது. மேளம் தொம்தொம் என்று ஈரமாக ஒலித்தது. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டிய முடிச்சு, என்னுடையவை. பலகைத் துண்டு பிடித்து என் விரலெல்லாம் கொப்புளம். நனைந்த மஞ்சள் கயிறு வழுக்கவே இல்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பத்து இருபத்தேழு" என்று அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படித்துறைக்கு ஓடினாள். நானா படகை ஒரு கையால் பிடித்தபடி, ஆற்றுத் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். தொழுகைக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்றாள் அம்மா.

"சாப்..." என்று அவர் ஆரம்பிக்க, "சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்க, இந்தப் படக நானே கவுத்துருவேன்" என்றாள். நானா வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மரவள்ளிச் சோறுதான். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆறு தணிய ஒரு நாள் ஆனது. எதிர்த் தண்ணீரில் கரையோரமாகவே தள்ளித் தள்ளி ஞாயிறு பொழுது சாய அண்ணியோடு வீடு வந்து சேர்ந்தோம்.

திங்கள்கிழமை பெரட்டில் தோட்டமே நின்றது. கிராணி தாளைப் பிரித்து லயம் லயமாக, வீடு வீடாகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் வரிசையில் ஓர் இடம் அசைந்தது, ஓர் அம்மாவின் குரல் உடைந்தது. எங்கள் வீடு பன்னிரண்டு. பதினொன்றைப் படித்தார். தாளிலிருந்து கண்ணை எடுத்து, அண்ணி கழுத்தில் மஞ்சள் காயாத கயிற்றைப் பார்த்தார். பதின்மூன்றைப் படித்தார்.

அண்ணி சிரித்துவிட்டாள். வந்து ஒரு ராத்திரி ஆன பெண், அண்ணனோடு நாலு வார்த்தை பேசியிராத பெண், தோட்டமே கேட்கும்படி சிரித்துவிட்டு, பக்கத்தில் பதினொன்றாம் வீட்டு அம்மா தரையில் உட்கார்வதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்த அம்மாவின் அருகில் போய்த் தானும் உட்கார்ந்தாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அண்ணனும் அண்ணியும் பதினொன்றாம் வீட்டுக்குத்தான் முதலில் விறகும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தார்கள். சொன்னவர் யாருமில்லை.

பெரட்டு கலைந்ததும் நான் ஆற்றங்கரைக்கு ஓடினேன். நானா அடிப்பலகையைத் தூக்கிவிட்டு, மூன்று நாள் மழையும் சேறும் தேங்கியிருந்ததைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டிருந்தார். படகு விளிம்பு வரை அமிழ்ந்து கிடந்தது. என் மூச்சிரைப்பைக் கேட்டுத் திரும்பினார். முகத்தைப் பார்த்தார். அண்ணன் பெயர் வரவில்லை என்று அதிலேயே தெரிந்துகொண்டார்.

இன்னொரு சிரட்டையை எடுத்து என் பக்கம் எறிந்தார். கொப்புளக் கையோடு நானும் எதிர்முனையில் இறங்கி இறைத்தேன். அவர் ஒரு சிரட்டை, நான் ஒரு சிரட்டை. வெயில் ஏறியது. படகு ஆடியது. டின் ஒட்டுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு மேலே வந்தன.